பினைல் மணத்த விஸ்கி

போன மாதம் ஒரு பிற்பகல், நான் குசினியில் இருந்து முருங்கைக்காய் சீவிக்கொண்டிருந்தபோது ஷாலினி தொலைபேசி எடுத்தாள். முப்பத்தொரு வருடம் நான் வேலை செய்த ஹோட்டலில் இன்றைக்கு பார் பொறுப்பாக இருப்பவள் அவள்தான். திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை பாருக்குப் பொறுப்பாக வருவாள் என்று என் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், விசரோ என்று கேட்டிருப்போம். அவளோ என்னைவிட நன்றாகச் செய்கிறாள். அதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

"அங்கிள், ஒரு போத்தல் பழுதாப் போச்சு. அறையை விட்டுப் போன கெஸ்ட் ஒருத்தர் எங்களுக்கு எண்டு தந்திட்டுப் போனவர். ஸ்கொச்தான், ஆனா திறந்தா பினைல் மணக்குது. சிங்க்கில ஊத்தட்டே?"

"ஐயோ பிள்ளை, ஊத்திப்போடாதை! மூடியை மூடு. தொடாதை. நான் வாறன்!"

நான் போட்ட சத்தத்தில் என் மனைவி முன் அறையிலிருந்து ஓடி வந்தாள். "என்ன, ஹோட்டல் பத்தி எரியுதோ?" என்று கேட்டாள். அதைவிட மோசம் என்று சொல்லிவிட்டு, சேட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

"ஏன் அங்கிள் அப்பிடிக் கத்தினனீங்கள்?" என்று ஷாலினி பிறகு கேட்டாள். பாரில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நின்று கதை சொல்ல நேரமிருக்கவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

என் பெயர் நாகராசா. பாரில் எல்லோருக்கும் நாகு. எங்கள் ஹோட்டல் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டில் இருக்கிறது. பாரின் நீளக் கண்ணாடிக்கு வெளியே தானியக் கப்பல், இழுவைப் படகு, அப்பால் மலை. கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். தட்டு ஏந்தவும், கிளாஸ் துடைக்கவும், கோபம் வந்தால் புன்னகைக்கவும் பழக்கினார்கள். முதல் இரண்டும் வந்தது. மூன்றாவது இன்றுவரை வரவில்லை. சண்டைக் காலத்தில் பாரில் ஈ கூட இருக்காது. நாங்கள் கதிரைகளைத் துடைத்துத் துடைத்தே சம்பளம் எடுத்தோம். அந்தக் கதைகளை விடுகிறேன். நான் சொல்ல வந்தது கொட்டியாரக் குடாப் பக்கம் பாலங்கள் போட்டு, வெளிநாட்டு ஆட்கள் மறுபடியும் வரத் தொடங்கிய காலத்துக் கதை.

எங்கள் பார் மனேச்சர் பெனடிக்ட் சேர். கத்தோலிக்கர், மெலிந்த உயரமான ஆள். அத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் 'நீங்கள்'தான், கூட்டித் துடைப்பவருக்கும். ஆனால் ஒரு வாக்கியத்தை 'தயவுசெய்து' என்று தொடங்கினால் எல்லோரும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு நிற்போம். அவருடைய கோபத்தின் பெயர் அதுதான்.

ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு பார் பரிசோதனை. அதைப் பூசை மாதிரிச் செய்வார். முதலில் கிளாஸ்களைத் துறைமுக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிறகு திறந்த போத்தல்கள் எல்லாவற்றையும் வரிசையாக மேசையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு லேபிளிலும் முந்தின நாள் நான் பென்சிலால் போட்ட கோடு இருக்கும். சரக்கு அந்தக் கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, மணம். மூடியைத் திறந்து, உள்ளங்கையைப் போத்தல் வாயில் வைத்து ஒரு தரம் கவிழ்த்து எடுத்து, கையை உரசி மணந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் நல்ல போத்தலுக்குள் மலிவுச் சரக்கை ஊற்றி வைக்கிற வேலை எக்கச்சக்கம். அதனால்தான் வெளிநாட்டுப் போத்தல் முடிந்தால் குசினிக்குப் பின்னால் இருக்கிற பீப்பாவில் போட்டு உடைத்துவிட வேண்டும் என்பது சட்டம். வெறும் போத்தல் ஒன்றும் பாருக்குள் நிற்கக்கூடாது, சாராயப் போத்தல் உட்பட.

"கண்ணை விடுங்கோ. மூக்கைக் கேளுங்கோ" என்பார் சேர். நான் மணந்து பார்த்துச் சொல்வேன், அவர் கொப்பியில் எழுதுவார். என் மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. சும்மா சொல்லவில்லை. ஒரு விஸ்கியில் ஒரு கரண்டி சாராயம் கலந்தாலும் பிடித்துவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது. இருந்தது என்ன, ஏறி உட்கார்ந்திருந்தது.

பாரில் துடைத்துக் கழுவுகிற வேலைக்குத் தங்கராசா அண்ணை என்று ஒருவர் இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், இலங்கைத்துறை ஆள், கடற்றொழில் செய்தவர். முன்பு கண்மூடித்தனமாகக் குடித்தவர் என்று அவரே சொல்வார். ஒரு தரம் வெறியில் வள்ளத்தைக் கவிழ்த்து, கூடப் போன மகன் தண்ணீர் குடித்து, செத்துப் பிழைத்திருக்கிறான். அன்றோடு வெருகல் முருகனிடம் போய், இனித் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு, கடலையும் விட்டு எங்களிடம் வந்தார். நாள் முழுக்கச் சாராயத்துக்கும் விஸ்கிக்கும் நடுவில் நிற்பார். ஒரு சொட்டு தொட்டதில்லை. அதைப் பார்த்து நாங்களே பகிடி பண்ணுவோம். சிரித்துக்கொண்டே துடைப்பார்.

அப்போதுதான் டங்கன் வந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், சிவந்த தாடி. இறங்குதுறை ஒன்று திருத்துவதற்காகக் கடலடித் தரையை அளக்கிற பொறியியலாளர். ஒன்பது மாதம் எங்கள் ஹோட்டலில் தங்க வந்தவர். வந்த மூன்றாம் நாள் விடியற்காலையிலேயே படகில் மூன்று நாள் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு போத்தலை பாரில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேரம் பாரில் நின்றவர் தங்கராசா அண்ணை மட்டும்தான்.

பத்து மணிக்கு நான் வரிசை வைக்கிறேன். தெரியாத போத்தல் ஒன்று. கடும் பச்சைக் கண்ணாடி; வெளிச்சத்துக்குப் பிடித்தால் முக்கால்வாசிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. பெயர் எனக்கு வாயில் நுழையாத பெயர். இன்றைக்கு நுழையும், ஆனால் விளம்பரமாகிவிடும், விடுகிறேன். மூடியைத் திறந்தேன். உள்ளங்கையில் கவிழ்த்தேன். உரசி மணந்தேன்.

கடவுளே! பினைல்! கழிவறை கழுவுகிற பினைல். அதற்குக் கீழே கரி, தார், அரசாங்க ஆசுப்பத்திரி வார்டு. எங்களுக்கு அதுவரை ஸ்கொச் என்றால் கலப்பு விஸ்கிதான். தேன் போல ஒரு மெல்லிய வாசம், சோடா, ஐஸ். விஸ்கியில் இப்படி ஒரு மணம் வரும் என்று சொல்லித் தர எங்களுக்கு ஆளில்லை.

"சேர், இதில கை வச்சிருக்கினம்" என்றேன். "பினைல் கலந்திருக்கு."

சேர் போத்தலை வாங்கி மூக்கடியில் பிடித்தார். திருப்பி என்னிடம் தந்தார். "நிச்சயமோ?"

"நூறு வீதம் சேர்."

நான் சும்மா நிற்கிற ஆளா? சிங்க்குக்குக் கீழே குனிந்து தேடினேன். துடைக்கிற துணிகளுக்குப் பின்னால் ஒரு பழைய சாராயப் போத்தல். திறந்தால் பினைல். வெறும் போத்தல் வைக்கக்கூடாது என்ற இடத்தில், பினைலை ஊற்றி ஒளித்து வைத்திருக்கிறது. அதைத் தூக்கி மேசையில் 'டொக்' என்று வைத்தேன். அந்த வெற்றிச் சத்தம் இன்னும் என் காதில் கேட்கிறது.

"தங்கராசா, தயவுசெய்து இங்க வாங்கோ" என்றார் சேர்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தப் போத்தலை ஆர் வாங்கி வச்சது?"

"நான்தான் சேர். விடியக்காத்தால வெள்ளைக்கார ஐயா தந்திட்டுப் போனவர். கீப், கீப் எண்டவர். வச்சனான்."

"அப்ப எவ்வளவு இருந்தது?"

"இவ்வளவுதான் சேர்."

"இது?" என்று சாராயப் போத்தலைக் காட்டினார்.

தங்கராசா அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. "அது என்ர பிழை சேர். பெரிய பினைல் கானைத் தூக்கித் திரிய ஏலாது. அதுதான் கொஞ்சத்தை இதில ஊத்தி வச்சனான்."

சேர் மேலும் ஏதோ கேட்கப் போனார். நான் குறுக்கே விழுந்தேன். "அண்ணை, பொய் சொல்லாதேங்கோ. குடிச்சுப்போட்டு, அளவு தெரியாம இருக்க உந்தப் போத்தலில தண்ணி எடுத்து ஊத்தி நிரப்பினனீங்கள்."

அவர் என்னையே பார்த்தார். "நாகு தம்பி, நான் குடிக்கிறனோ இல்லையோ எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

பதிலுக்குப் பதிலாக, டங்கனின் போத்தலைச் சிங்க்கில் கவிழ்த்தேன். கெஸ்ட் நஞ்சு குடிக்கக்கூடாதல்லவா! குபுகுபுவென்று முழுவதும் போயிற்று. இன்றைக்கு அதை நினைத்தால் இரண்டு காரணத்துக்காக வயிறு எரிகிறது.

"தயவுசெய்து வீட்டை போங்கோ, தங்கராசா" என்றார் சேர். "பெரிய மனேச்சர் கொழும்பால வந்த பிறகு கடிதம் வரும்." அண்ணை ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார். சலவைப் பகுதியில் இலங்கைத்துறைப் பையன் ஒருவன் வேலை செய்தான். அண்ணை வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னே, அவர் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார் என்ற கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், என் மூக்கைப் பற்றிப் பெருமை பேசினேனே, அதற்காக. பினைலைத் தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும். விஸ்கியில் விட்டாலும் கலங்கும். பார் கழுவுகிற எவருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் போத்தலில் இருந்ததோ, உள்ளங்கையில் பொன்னாகத் தெளிந்து நின்றது. கண் அதைப் பார்த்தது, எனக்குச் சொல்லியும் இருக்கும். நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை டங்கன் உப்புப் பூத்த தாடியோடு வந்து பாரில் உட்கார்ந்தார். போத்தல் விழுந்து உடைந்துவிட்டது, ஹோட்டல் வேறு ஒன்று தரும் என்று சேர் சொன்னார். ஹோட்டலின் மானத்தைக் காக்க வேண்டுமே. டங்கன் பரவாயில்லை என்று சிரித்தார். மேலே போய் இன்னொரு போத்தல் கொண்டுவந்தார். அதே பச்சை, அதே லேபிள், சீல் உடைக்காதது. என் கண்முன்னாலேயே சீலைக் கிழித்து, தக்கையை இழுத்தார். 'பொக்' என்ற சத்தத்தோடு அந்த மணம் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தது.

பினைல்.

டங்கன் இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை என் பக்கம் தள்ளினார். வேலை நேரத்தில் குடிக்கக்கூடாது என்பது சட்டம். சேரைப் பார்த்தேன். "ஒரு சொட்டு, மரியாதைக்கு" என்று தலையசைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலேயே நிற்கிறார், அந்த மணம் அவரைத் தொடவே இல்லை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

டங்கன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனார். இது அவர் பிறந்த தீவின் விஸ்கி. அங்கே மரம் குறைவு. சதுப்பு நிலத்தில் புல்லும் பாசியும் பல்லாயிரம் வருடமாக மட்கி, இறுகி, கறுப்பு மண்ணாகக் கிடக்கும். அதற்குப் பெயர் பீட். அதை மண்வெட்டியால் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் உலர்த்துவார்கள். அந்தப் புகை தானியத்துக்குள் போய், வடிசாலை தாண்டி, பீப்பாவில் பத்துப் பன்னிரண்டு வருடம் கிடந்து, இந்தக் கிளாஸ் வரைக்கும் வரும். முதல் தரம் குடிப்பவர்கள் ஆசுப்பத்திரி மணக்கிறது என்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பிறகு அவர் ஒரு ஸ்ட்ரோவைத் தண்ணீரில் விட்டு, மேல் நுனியை விரலால் அடைத்து எடுத்து, என் கிளாஸில் மூன்று சொட்டு விட்டார். "இப்போது" என்றார்.

குடித்தேன்.

முதலில் ஆசுப்பத்திரி வந்தது. உடனே போய்விட்டது. அதற்குப் பின்னால் புகை. நெருப்பு அணைந்த அடுத்த நாள் காலையில் அடுப்படியில் நிற்கிற மாதிரிக் குளிர்ந்த புகை. பிறகு உப்பு. பிறகு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, அடிநாக்கில் பனங்கட்டி போல ஓர் இனிப்பு எழும்பி, தொண்டையில் மெதுவாக இறங்கி, நெஞ்சில் விரிந்து, அங்கேயே இருந்துகொண்டது. அதற்குள் இருபது வருடம் போத்தல்களோடு வாழ்ந்துவிட்டவன் நான். இப்படி ஒன்றை நான் அறிந்ததே இல்லை. என் நெஞ்சின் ஒரு பக்கம் 'ஆகா' என்கிறது. மறுபக்கம் தங்கராசா அண்ணை ஏப்ரனை நாலாக மடித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த மாலை நான் வாய் திறக்கவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், திறக்காமலே விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். அறிந்தவன் நான் ஒருவன் மட்டும்தான். பினைல் போத்தலை ஒளித்து வைத்தது அவர் பிழைதானே என்று என்னையே சமாதானப்படுத்தினேன். சொன்னால் என் மூக்கின் பெயர் போய்விடும். என் வேலையும் போகலாம்.

அடுத்த நாள் பத்து மணி. வரிசையில் டங்கனின் புதிய போத்தல், கழுத்தில் பெயர்ச் சீட்டோடு. மற்றவற்றை முடித்துக்கொண்டு அதற்கு வந்தோம். மூடியைத் திறந்தேன், கவிழ்த்தேன், உரசினேன். சேர் பேனாவைப் பிடித்தபடி, ஒவ்வொரு நாளும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"மூக்கு என்ன சொல்லுது?"

பொய் சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும், 'சரி' என்று. நாக்கு புரளவில்லை.

"பினைல், சேர்."

பேனா நின்றது. "இதிலையுமோ?"

"இதிலையும். சீல் உடைச்சதை நான் கண்ணால பாத்தனான். அது பினைல் இல்லை சேர். அந்த விஸ்கியே அப்பிடித்தான். அண்ணை ஒண்டும் செய்யேல்லை. நான்தான் பிழை."

சேர் கொப்பியை மூடினார். கையிலிருந்த கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஏற்கெனவே துடைத்த கிளாஸை மறுபடி துடைத்தார். 'தயவுசெய்து' வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. "ஹோட்டல் வான் திறப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார். போகும் வழியில் டங்கனிடம் நின்று, போத்தல் உடையவில்லை, நடந்தது இதுதான் என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னார். டங்கன் சிரிக்கவில்லை. போத்தலை எடுத்து என் கையில் தந்தார். அந்த மனிதர் மணந்து பார்க்கட்டும் என்றார்.

வான் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியது. மூதூர்ப் பக்கம் வயல்கள் வந்த பிறகு சேர் சொன்னார்.

"நாகராசா, எனக்கு எட்டு வருசமா ஒரு மணமும் தெரியாது. ஒரு காய்ச்சலோட போனது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்கட மூக்கிலதான் நான் இவ்வளவு நாளும் வேலை செய்தனான். அண்டைக்கும் மணக்கிற மாதிரி நடிச்சனான். ஆனபடியா பிழையில பாதி என்ர."

அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளாமலே அவர் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. மனிதர் என்றால் அவர்தான்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "குடிக்க எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

"நல்லா இருந்தது சேர். அதுதான் இன்னும் வெக்கமாக் கிடக்கு."

அண்ணையின் வீடு கடற்கரையோரம். வேலியடியில் யாருடையதோ கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழும்பினார், வாங்கோ என்று சொல்லவில்லை. அவருடைய மனைவி பூமணி அக்கா வாசலில் வந்து நின்றார். வெயில் மண்டையைப் பிளக்கிறது. எங்கள் ஊர்களில் வெயிலுக்குள்ளால் வந்தவன் பகையாளி என்றாலும் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். அன்று அந்த வீட்டில் தண்ணீர் வரவில்லை.

"தங்கராசா, பிழை எங்கட. நீங்கள் வேலைக்கு வரவேணும்" என்றார் சேர்.

"வேலை கிடக்கட்டும் சேர்" என்றார் அண்ணை. "நான் திரும்பக் குடிச்சுப்போட்டன் எண்டு இவள் நாலு நாளா என்னோட கதைக்கேல்லை. மகன் முகம் குடுத்துப் பாக்கிறான் இல்லை."

பூமணி அக்கா சேரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "முருகனுக்கு நேர்ந்த மனிசன் இவர். குடிச்சவர் எண்டு சொன்னது நீங்கள்தானே? அங்க உங்கட மூக்கால சொன்னதை இஞ்ச உங்கட வாயால மாத்திச் சொல்லுங்கோ. எனக்கில்லை. ஊருக்கு."

வேலிக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் வேலிப் படலையடியில் நின்று சொன்னேன். அண்ணை குடிக்கவில்லை, போத்தலைத் தொட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை, தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொல்லி அவர்மேல் பழி போட்டது நான்தான் என்று சொன்னேன். பின்னால் நின்ற ஒரு கிழவருக்குக் காது கேட்கவில்லை. அவருக்காக இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லி முடித்ததும் பூமணி அக்கா அழுதார். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

தங்கராசா அண்ணை என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். "உதுவோ அது? தாங்கோ."

மூடியைத் திறந்து, வாயைச் சற்றுத் திறந்தபடி நீளமாக இழுத்தார். மறுபடியும் இழுத்தார். அவர் முகம் மெதுவாக விரிந்தது.

"என்ன நாகு தம்பி, உங்கட மூக்குக்கு என்ன நடந்தது? இது மாசி அல்லோ! சூரை மீனை அவிச்சு, தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையில நாட்கணக்காப் போட்டு எடுக்கேக்க எங்கட கொட்டில் இப்பிடித்தான் மணக்கும். இதைப் போய்ப் பினைல் எண்டனீங்களே!"

மாசி! பீட், பார்லி என்று அவ்வளவு கேட்டும் எனக்கு எட்டாதது, ஒரு சொட்டும் குடிக்காத மனிதருக்கு ஒரே இழுப்பில் எட்டிவிட்டது. கடலும் உப்பும் புகையும் சேர்ந்த மணம். நாங்கள் சம்பலில் இடித்துப் போடுகிற மாசி. சேர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை நான் முதல் தரம் அன்றுதான் பார்த்தேன்.

ஹோட்டல் வானில் ஏறச் சொன்னோம். அண்ணை மறுத்துவிட்டார். திங்கட்கிழமை பஸ்ஸில் தானாக வந்து, நாலாக மடித்து வைத்த ஏப்ரனை விரித்துக் கட்டிக்கொண்டார். "பினைல் கானிலயே இருக்கும் சேர்" என்றார். அன்று முதல் பரிசோதனையில் இரண்டு மூக்கு. நான் மணந்த பிறகு அண்ணையும் மணக்க வேண்டும். சேர் பேச்சையும் மாற்றிவிட்டார். "மூக்கைக் கேளுங்கோ. பிறகு ஆளையும் கேளுங்கோ" என்று.

டங்கன் இருந்த ஒன்பது மாதமும் எனக்கு ஒரு கொண்டாட்டம். என் லீவு நாள்களில், பொழுது சாய, மேல்மாடத்தில் உட்காரவைத்து ஒரு சின்ன அளவு, அரை டொட், ஊற்றித் தருவார். அதை ஒரு மணித்தியாலம் குடிப்போம். அவசரப்பட்டால் அது ஆசுப்பத்திரியோடு நின்றுவிடும். ஐஸ் போட்டால் வாயை மூடிக்கொள்ளும். சோடா விட்டால் செத்தே போகும். மூன்று சொட்டுத் தண்ணீர், சாதாரணத் தண்ணீர், அதுதான் அதன் திறப்பு. வாயை லேசாகத் திறந்துகொண்டு மணக்க வேண்டும், தங்கராசா அண்ணை மணந்த மாதிரியே. ஒரு நாள் நான் மாசிச் சம்பலை ரோஸ்ட் பாண் துண்டுகளில் தடவிக் கொண்டுபோய் வைத்தேன். டங்கன் ஒரு கடி, ஒரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டார். தன் தீவில் எவனுக்கும் இது தெரியாதே என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது எங்கள் பார் மெனுவிலேயே ஏறிவிட்டது. என் மனைவி மட்டும், நான் வீட்டுக்கு வந்ததும், "இண்டைக்கும் ஆசுப்பத்திரியாலயோ வாறியள்?" என்று கேட்பாள். பிறகு எத்தனையோ தீவு விஸ்கி பாருக்கு வந்தது. அந்தப் பச்சைப் போத்தலுக்கு முன்னால் எனக்கு மற்றது எல்லாம் பிறகுதான்.

பெனடிக்ட் சேர் இப்போது இல்லை. தங்கராசா அண்ணை எனக்கு முன்னே ஓய்வெடுத்து ஊரோடு போய்விட்டார். அவரோடு அத்தனை வருடம் ஒன்றாக வேலை செய்தேன், பகிடி விட்டேன், ஒரே பார்சலில் சோறு சாப்பிட்டேன். ஆனால் அந்த வீட்டுப் படலையை மட்டும் நான் மறுபடி தாண்டவில்லை. மகள் கலியாணத்துக்கு அழைப்புத் தந்தார். பரிசை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொண்டேன். பூமணி அக்காவின் முகத்தை எந்த முகத்தோடு பார்ப்பது?

ஷாலினி அழைத்த அன்று பாருக்குப் போய்ப் பார்த்தால், அதே பச்சைப் போத்தல். முக்கால்வாசி. மணந்து காட்டி, மூன்று சொட்டு விட்டு அவளுக்கும் ஒரு வாய் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள், பிறகு சுளித்த முகம் சுளித்தபடியே நின்றுவிட்டது. "அங்கிள், பின்னால ஒரு இனிப்பு வருது" என்றாள். இந்தப் பிள்ளை தேறிவிடும். போத்தலை நீங்களே கொண்டுபோங்கோ என்று தந்துவிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திறக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை பஸ் ஏறி இலங்கைத்துறைக்குப் போனேன்.

அண்ணை முற்றத்து மர நிழலில் கதிரை போட்டு இருந்தார். தலை முழுக்க வெள்ளை. "ஆர், மூக்கரோ?" என்று கூப்பிட்டார். போத்தலைக் கண்டதும் கையை நீட்டினார். அதே மாதிரி வாயைத் திறந்து நீளமாக இழுத்தார். "மாசி குறையேல்லை" என்றார். "எனக்கு இவ்வளவு போதும். நீங்கள் குடியுங்கோ. நான் பாக்கிறன்."

அப்போது பூமணி அக்கா வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார்.

"அந்த மணம்தானே இது" என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

வந்திருக்கக்கூடாது, கிழட்டு வயதில் எதற்கு இந்த வேலை என்று எழும்பப் போனேன். அண்ணை என் கையைப் பிடித்து இருத்தினார்.

பூமணி அக்கா திரும்பி வந்தார். ஒரு கையில் கிளாஸ், மறுகையில் செம்பு நிறையத் தண்ணீர். கிளாஸைப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உதுக்குச் சொட்டுத் தண்ணி விடோணும் எண்டு இவர் சொல்லுறவர்" என்று சொல்லிவிட்டு, செம்பை என் கையில் தந்தார். "முதல் நீங்கள் குடியுங்கோ. வெயிலுக்குள்ளால வந்தனீங்கள்."

அண்ணாந்து குடித்தேன். நிறுத்த முடியவில்லை. கழுத்தெல்லாம் வழிந்தது, கண்ணாலும் வழிந்தது. செம்பைக் கீழே இறக்கிய பிறகுதான் பார்த்தேன், விஸ்கிக்கு ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை.

தங்கராசா அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

"கிணறு வத்தேல்லை" என்று சொல்லி, பூமணி அக்கா செம்பை வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார்.